விளிம்பும் மெருகும்: கைத்துப்பாக்கியின் மேற்பரப்பிற் படிந்துள்ள உழைப்பு

உருவம், உள்ளடக்கம் என்னும் இரண்டினதும் தொடர்பு பற்றிய விவாதம் நமது இலக்கிய உலகிற் பல்லாண்டுகளாக நடைபெற்று வருவதொன்று. அவ்விவாதங்களில் 'மெருகு' என்ற சொல் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. ஆக்கம் முழுமை பெற்ற பின்னர் அதன்மேல் ஏற்றப்படும் அலங்காரமே மெருகு என்ற எண்ணம் அச்சொல்லைக் கையாள்வோர் பலரிடம் காணப்படுகின்றது. ஆயின் இச்சொல் பட்டறைக்குரியது. சாணையும் அரமும் கொண்டு உலோகத்தைத் தேய்ப்பவனது தொழிலிலிருந்தே அது எழுத்துலகுக்கு வந்தது. அதன் உண்மைப் பொருளை அறிய விரும்புவோர் ஒருமுறையேனும் பட்டறைப் பக்கம் சென்று வருதல் பயனுடையது.

கைத்துப்பாக்கி ஒன்றின் கூரிய விளிம்புகளை மழுக்கியபின் அதன் மேற்பரப்பு எவ்வாறு மீண்டும் நிறமேற்றப்படுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். விளக்கத்தினூடாக, அம்மேற்பரப்பிலே யாருடைய உழைப்புப் படிந்துள்ளது, அவ்வுழைப்பு எவ்வாறு கண்ணுக்குப் புலப்படாது போகின்றது என்னும் வினாக்களும் ஆராயப்படும்.

படைக்கலம் பற்றிப் பேசுவது மார்க்சிய மரபுக்குப் புதியதன்று. 1878 இல் நூலுருப் பெற்ற 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் நூலில், பலாத்காரமே பொருளாதார உறவுகளின் மூலகாரணம் என்ற கூற்றை ஏங்கெல்ஸ் எதிர்கொள்ளும் விதம் இங்கு நினைவுகூரத்தக்கது. டூரிங் தமது வாதத்துக்கு உதாரணமாக டானியல் டீபோவின் நாவற் பாத்திரங்களான றொபின்சன் குறூசோவையும் பிறைடேயையும் எடுத்துக்கொண்டார். குறூசோ கையில் வாளுடன் பிறைடேயை அடிமைப்படுத்தினான் என்றால், பிறைடே ஒருநாட் காலையில் குண்டு நிரப்பிய சுழல்துப்பாக்கியுடன் தோன்றக் கூடாதா, அப்பொழுது அதிகார உறவு தலைகீழாகிவிடாதா என்று ஏங்கெல்ஸ் வினவினார். வாளைச் சுழல்துப்பாக்கி வெல்கின்றது, சுழல்துப்பாக்கியோ வெறும் மனவுறுதியினால் உண்டாவதில்லை, அது செய்யப்படவேண்டும். செய்யப்படவேண்டும் என்ற அந்த ஒரு சொல்லுக்குள்ளே உருக்காலையும் கடைசற்பொறியும் அரமும் தொழிலாளியின் கையும் அடங்கிவிடுகின்றன. இக்கட்டுரை அச்சொல்லின் கடைசிக் கட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றது.

1. கூர்விளிம்பு எங்கிருந்து வருகின்றது?

ஜோன் பிறவுணிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்த கைத்துப்பாக்கியை ஐக்கிய அமெரிக்க இராணுவம் 1911 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆந் திகதி ஏற்றுக்கொண்டது. 1985 வரை அதுவே அவ்விராணுவத்தின் நியமக் கைத்துப்பாக்கியாக விளங்கிற்று. ஏற்ற ஆண்டின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகின்றது. நமது விடயத்துக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் இல்லை.

இத்துப்பாக்கியின் சட்டகமும், அதன்மேல் முன்பின்னாகச் சறுக்கும் மேற்பகுதியும் உருக்குக் கட்டிகளிலிருந்து வெட்டியெடுக்கப்படுவன. வெட்டும் பொறியின் பற்கள் ஒரு தளத்தைச் சீவி முடித்து அடுத்த தளத்தைச் சீவும்போது, இரண்டு தளங்களும் சந்திக்கும் இடத்திலே கூரிய விளிம்பொன்று இயல்பாகவே தோன்றுகின்றது. அவ்விளிம்பை எவரும் திட்டமிட்டு உருவாக்குவதில்லை. அதனை மழுக்கவேண்டுமாயின் வேறொரு தொழிலாளியின் நேரத்தைச் செலவிடவேண்டும். செலவிடப்படாத அந்நேரமே கூர்விளிம்பாக எஞ்சி நிற்கின்றது.

இராணுவத்தைப் பொறுத்தமட்டில் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. துப்பாக்கி தடித்த தோலுறையினுள் மூடியிருந்தது. போர்வீரன் அதனை உருவுவது அரிது. எனினும் கை தன் முறைப்பாட்டைத் தெரிவிக்காமல் இருக்கவில்லை. மேற்பகுதி பின்னோக்கி வரும்பொழுது வெடியூசியை அடிக்கும் சுத்தியின் வால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையேயுள்ள தசையை நசுக்குவதுண்டு. 1920களில் மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தின்போது கைப்பிடியின் பின்புறத்து நீட்சி அதிகமாக்கப்பட்டது. விசையின் பின்னால் விரலுக்கு இடமளிக்கும் வகையிற் சட்டகம் குடைந்தெடுக்கப்பட்டது. நிறுவனமொன்று கையின் முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று. ஆயினும் விளிம்புகள் விளிம்புகளாகவே இருந்தன.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறிற்று. இத்துப்பாக்கி தனியாரின் கைகளில் விளையாட்டுக் கருவியாகவும் இடுப்பில் மறைத்துச் செல்லும் தற்காப்புக் கருவியாகவும் மாறியது. 1976 இல் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரிற் கூடிய மாநாடு செயன்முறைச் சூட்டுப் போட்டிகளுக்கெனச் சர்வதேச அமைப்பொன்றைத் தோற்றுவித்தது. போட்டியாளர் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவைகள் பயில்பவர். இராணுவ வீரன் உணராத கூர்மையை அவரது கை உணர்ந்தது. ஆலை செலவிட மறுத்த உழைப்பு நேரத்தை இப்பொழுது தனிப்பட்ட வாடிக்கையாளர் தனிப்பட்ட கம்மியனிடம் விலைகொடுத்து வாங்கலாயினர். ஆலைத்தொழில் அழித்த கைவினை, ஆலைப்பொருளைத் திருத்தும் தொழிலாக மறுபிறப்பெடுத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. மழுக்குதல்

அமெரிக்கப் பட்டறைகளில் இவ்வேலைக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று 'டீஹோர்னிங்'. மாட்டின் கொம்பை நீக்கும் செயலுக்குப் பண்ணையாட்கள் வழங்கும் சொல் அது. மற்றையது உருகுதல் என்னும் பொருள்பட வரும் 'மெல்ற்'. பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டிபோல் எல்லா விளிம்புகளும் உருண்டு வழவழப்பாகிவிடும் நிலையை அது குறிக்கும். முதலாவது, கையைக் கடிக்கும் இடங்களை மட்டும் நீக்குவது. இரண்டாவது, முழு உருவத்தையும் மாற்றுவது.

வேலையின் முறை எளிது. அதனைச் செய்வதே கடினம். மென்பல் அரத்தினால் விளிம்பிற் சிறு சரிவு ஒன்று வெட்டப்படும். பின்னர் அச்சரிவின் இரு ஓரங்களும் எண்ணெய்க் கல்லினாலும், படிப்படியாக நுண்மை கூடிய உரைதாளினாலும் உருட்டப்படும். 220, 320, 400 எனத் தாளின் எண் உயர உயர, முந்திய தாள் விட்டுச்சென்ற கீறலைப் பிந்திய தாள் அழிக்கவேண்டும். ஒரு படியைத் தாண்டிச் செல்பவன் ஆழமான கீறலை உள்ளே விட்டுவிடுகின்றான். இறுதியில் அக்கீறல் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எவற்றைத் தொடக்கூடாது என்பதை அறிதல் இத்தொழிலின் பாதி. மேற்பகுதி சறுக்கும் தண்டவாளங்கள், குழல்வாயின் விளிம்பு, சுத்தியும் அதனைத் தாங்கும் கொளுவியும் பொருந்தும் முகங்கள் ஆகியன அளவினாற் செயற்படுவன. அங்கே கூர்மை தேவையானது. கொளுவியின் முகம் சிறிது உருண்டாலே துப்பாக்கி தானாக வெடிக்கும் நிலை தோன்றலாம். சில உறுப்புகள் மேற்றோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை. அம்மெல்லிய தோலை அரம் ஊடுருவினால் மென்மையான உள்ளுருக்கு வெளிப்பட்டு விரைவில் தேய்ந்துபோகும். மேலும், ஐக்கிய அமெரிக்காவின் 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்ற உற்பத்தியாளர் செய்யும் ஒவ்வொரு துப்பாக்கியும் தொடரிலக்கம் கொண்டிருத்தல் வேண்டும். அதனை அழித்தல் அந்நாட்டிற் குற்றமாதலால் இலக்கத்தின் அருகே மெருகுச் சக்கரம் செல்வது மிகுந்த அவதானத்துடனேயே.

எழுத்துகளை வைத்தே நல்ல கம்மியனையும் தீய கம்மியனையும் பிரித்தறியலாம். உலோகத்திற் பொறித்த எழுத்தின் கரை கூர்மையாக நிற்பின் தட்டையான கட்டையில் உரைதாளைச் சுற்றிப் பொறுமையாகத் தேய்த்தான் என்பது பொருள். எழுத்து மங்கி, ஆணித் துளைகளின் வாய் குழிந்து, சமதளம் அலைபோல் நெளிந்திருப்பின் மென்துணிச் சக்கரத்தில் அவசரமாக அழுத்தினான் என்பது தெளிவு. மழுக்கவேண்டிய இடத்தில் மழுக்கி, கூர்மையாக இருக்கவேண்டிய இடத்திற் கூர்மையைக் காப்பதே மெருகு. எல்லாவற்றையும் ஒருசேர வழவழப்பாக்குவது சிதைவு. இலக்கிய மாணவருக்கும் இதிற் பாடம் உண்டு.

3. துருவைத் துருவாற் காத்தல்

விளிம்பு மழுங்கிய இடத்தில் வெள்ளையான வெற்றுருக்கு வெளிப்பட்டு நிற்கும். கையின் வியர்வையிலுள்ள உப்பும் ஈரமும் அதனைச் சில நாட்களிலேயே துருப்பிடிக்கச் செய்யும். ஆகவே மேற்பரப்பை மீண்டும் மூடவேண்டும். வெளிப்பட்ட ஓரத்துக்கு மட்டும் குளிர்நிலையிற் பூசும் கரைசல்கள் உண்டு. பெரும்பாலும் செலனியமும் செம்பும் சேர்ந்த உப்புகளின் கரைசல்கள் அவை. அவற்றின் நிறம் பழைய நிறத்துடன் ஒன்றுவதில்லை. விரைவில் தேய்ந்தும் போகும். எனவே சிறு விளிம்பைத் தொட்டவர் ஈற்றில் முழுத் துப்பாக்கியையும் மீள முடிக்கவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகின்றார்.

இவ்விடத்தில் 'நீலமேற்றல்' எனப்படும் முறையை விளக்குதல் அவசியம். சாயமோ வர்ணமோ இதிற் பூசப்படுவதில்லை. இரும்பே தன் மேற்பரப்பில் ஒட்சைட்டாக மாறுகின்றது. இரும்பின் ஒட்சைட்டுகள் பல. செந்துரு நீருடன் சேர்ந்த ஒட்சைட்டு. அது தளர்ந்து உதிர்வதால் அடியிலுள்ள இரும்பையும் தொடர்ந்து அரிக்கவிடும். கருநிறமான மக்னற்றைற்று இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இரும்பைச் செந்துருவாக விடாது கருந்துருவாக மாறச் செய்வதே இக்கலையின் சாரம். துருவைத் துருவாலேயே தடுக்கும் இம்முறை, எதிர்மறைகளின் ஒற்றுமைக்குப் பாடநூல் உதாரணமாகத் தக்கது.

இதனைச் சாதிக்கும் வழிகள் பல. மிகப் பழையது மெதுவாகத் துருவேற்றும் முறை. அமிலக் கரைசல் பூசிய உறுப்பை ஈரமான அறையில் வைத்து மெல்லிய செந்துரு தோன்றவிடுவர். அதனை அவ்வாறே நிறுத்தி எண்ணெயிட்டாற் கபில நிறம் கிடைக்கும். பழைய நெடுந்துப்பாக்கிகளின் கபிலக் குழல்கள் இவ்வாறு ஆனவையே. கொதிநீரில் இட்டாற் செந்துரு கருந்துருவாக மாறும். தளர்ந்த படிவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, மீண்டும் துருவேற்றி, மீண்டும் கொதிக்கவைத்துப் பல சுற்றுகள் செய்தல் வேண்டும். நாட்கணக்கிற் செல்லும் வேலை அது.

இரண்டாவது, வெப்பத்தினால் நிறமேற்றல். மெருகிட்ட உருக்கைச் சூடாக்கும்போது வைக்கோல் நிறமும், ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் மயிற்கழுத்து நீலமும் தோன்றும். மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தில் ஒளியலைகள் ஒன்றோடொன்று தலையிடுவதால் விளையும் நிறம் இது. உருகிய வெடியுப்பில் அமிழ்த்தியும் இந்நீலத்தைப் பெறலாம். ஊசிகள், ஆணிகள் போன்ற சிற்றுறுப்புகளுக்கே இது பெரிதும் ஏற்றது.

மூன்றாவது, இன்று பரவலாக உள்ள சூட்டுக் காரமுறை. எரிசோடாவும் நைத்திரேற்று உப்புகளும் நீரிற் செறிவாகக் கரைக்கப்படும். உப்புச் செறிவினால் நீரின் கொதிநிலை 100 பாகையிலிருந்து ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு உயர்கின்றது. அவ்வெப்பத்தில் உருக்கின் மேற்பரப்பு அரைமணி நேரமளவிற் கருநீலமாகிவிடும். நாட்கணக்கான உழைப்பை நிமிடக்கணக்காகச் சுருக்கிய முறை இது. ஆயின் அதற்கும் எல்லைகள் உண்டு. சுடுகாரம் அலுமினியத்தைக் கரைத்துவிடும். 1950 அளவில் அலுமினியக் கலப்புலோகச் சட்டகத்துடன் வந்த 'கொமாண்டர்' போன்ற துப்பாக்கிகளின் சட்டகத்தை அதில் இட முடியாது. மின்பகுப்பு முறையால் ஒட்சைட்டாக்குதலே அவற்றுக்குரிய வழி. ஈயமும் வெள்ளீயமும் கலந்து பற்றவைத்த இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளின் பற்றாசையும் காரம் அரித்துவிடும்; அவற்றுக்கு இன்றும் பழைய துருமுறையே உகந்தது. ஆணித்துளைகளில் ஒளிந்திருக்கும் உப்பைச் செவ்வனே கழுவாதுவிடின் வாரங்கள் கழித்து அது வெளியே கசிந்து வெண்படிவாகும்.

எந்த முறையைக் கையாளினும் உண்மை ஒன்றே: ஒட்சைட்டுப் படலம் மயிரிழையினும் மிக மெல்லியது. அதனால் அது கீறலை மறைப்பதில்லை. கீறலை மேலும் தெளிவாகக் காட்டுகின்றது. பார்ப்பவர் நீலத்தின் ஆழம் என வியப்பது உண்மையில் நீலத்தின் அடியிலுள்ள மெருகின் சீரையே. வேதியியல் செய்வது சிறிது; கை செய்தது பெரிது. துருவைத் தடுப்பதிலும் படலம் தனியே நின்று அதிகம் சாதிப்பதில்லை; எண்ணெயிட்டுப் பேணும் அன்றாடக் கவனிப்பே துப்பாக்கியைக் காக்கின்றது.

4. தேய்த்தவர்கள்

'மூலதனம்' முதலாம் தொகுதியிற் பேர்மிங்காம் நகரில் ஐந்நூறு வகையான சுத்தியல்கள் செய்யப்பட்டமையை மார்க்ஸ் குறிப்பிடுகின்றார். ஒவ்வொரு சுத்தியலும் ஒவ்வொரு தனிச் செயலுக்குரியது. அதே நகரின் துப்பாக்கித் தொழிலும் அவ்வாறே துண்டுபட்டிருந்தது. குழலை ஒட்டுபவர், துளைப்பவர், சாணையிடுபவர், பூட்டுக்கு அரமிடுபவர், மரப்பிடி பொருத்துபவர், மெருகிடுபவர், கபிலமேற்றுபவர் எனப் பலரது சிறு பட்டறைகளினூடாக ஒரு துப்பாக்கி கைமாறிச் சென்றது. இறுதியில் அதிற் பொறிக்கப்பட்ட பெயர் இவர்களில் எவருடையதுமன்று.

சாணையிடுவோருக்கு நேர்ந்ததை அறிய ஷெபீல்டைப் பார்க்கலாம். கத்தியும் முட்கரண்டியும் செய்த நகரம் அது. பேர்மிங்காமிற் போலவே அங்கும் சாணைக்கல் சுழன்றது. 1845 இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில், ஷெபீல்ட் மருத்துவர் நைற் என்பவரின் அவதானிப்புகளை ஏங்கெல்ஸ் எடுத்துரைக்கின்றார். உலர்ந்த கல்லிற் சாணையிடுவோர் முப்பத்தைந்து வயதைக் காண்பது அரிது என்றும், ஈரக்கல்லில் வேலை செய்வோர் நாற்பத்தைந்தைத் தாண்டுவது அரிது என்றும் அவர் கண்டார். கல்லும் உலோகமும் சேர்ந்த தூசு நுரையீரலிற் படிந்தது. பொருளின் மேற்பரப்பிலிருந்து நீக்கப்பட்ட கரடு தொழிலாளியின் உடலினுள்ளே இடம்பெயர்ந்தது. இது உருவகமன்று; சிலிக்கோசிஸ் என்று மருத்துவம் பெயரிட்ட நோய்.

மணலை வீசித் தேய்க்கும் முறை இவ்வேலையை விரைவுபடுத்திற்று, நோயையும் விரைவுபடுத்திற்று. வார்ப்புப் பொருள்களைத் துப்புரவாக்க மணல் வீசுவதை 1949 ஆம் ஆண்டு விதிகள் மூலம் பிரித்தானியா தடைசெய்தது. எனினும் 2009 இல் துருக்கி நாடு டெனிம் துணிமீது மணல் வீசுவதைத் தடைசெய்ய நேர்ந்தது. புதிய காற்சட்டைக்குப் பழைய தோற்றம் தருவதற்காக இளந்தொழிலாளர் சிலிக்கோசிசினால் மாண்டுகொண்டிருந்தனர். துப்பாக்கியாயினும் காற்சட்டையாயினும் மேற்பரப்பின் அழகுக்கு ஒரு நுரையீரற் கணக்கு உண்டு.

ஆலைமுறை இவ்வுழைப்பை எவ்வாறு நடத்திற்று? சாமுவேல் கோல்ட் 1853 இல் இலண்டன் பிம்லிக்கோவிற் சுழல்துப்பாக்கி ஆலை ஒன்றை நிறுவினார். டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேட்ஸ்' சஞ்சிகையில் அவ்வாலை பற்றிய வருணனை ஒன்று வெளியாயிற்று. அங்கு பொறிகளை இயக்கியோரிற் பலர் துப்பாக்கித் தொழில் பயின்றவர்களல்லர். தச்சரும் இறைச்சி வெட்டுவோரும் வண்டியோட்டிகளும் அவர்களுள் இருந்தனர். திறன் பொறிக்குள் சென்றுவிட்டதால் மனிதர் எளிதில் மாற்றத்தக்கவராயினர். ஆயினும் மெருகிடல் நெடுங்காலம் பொறிக்கு அடங்காது நின்றது. அமெரிக்காவில் ஹாட்போர்ட் நகரத்துக் கோல்ட் நிறுவனம் 1955 இல் வெளியிட்ட 'பைதன்' சுழல்துப்பாக்கி, அதன் ஆழ்ந்த நீலத்துக்காகவே புகழ்பெற்றது. அந்நீலத்துக்கு அடியில் இருந்தது தேர்ந்த மெருகாளரின் கைவேலை.

அந்நிறுவனத்திலேயே 1986 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் வெளியேறினர். நிர்வாகம் புதியவர்களை வேலைக்கமர்த்தி ஆலையை நடத்தியது. 1988 இல் எம்-16 துப்பாக்கி ஒப்பந்தம் பெல்ஜிய நிறுவனமொன்றின் அமெரிக்கக் கிளைக்குச் சென்றது. நான்கு ஆண்டுகளின் பின் 1990 இல், தொழிற்சங்கமும் கனெற்றிக்கட் மாநிலமும் பங்குகொண்ட கூட்டொன்று நிறுவனத்தை வாங்கியதுடன் போராட்டம் முடிவுற்றது. வென்றவர் பெற்றது நலிந்த நிறுவனம். 1992 இல் அது வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. பைதன் 2020 இல் மீண்டும் சந்தைக்கு வந்தபோது துருப்பிடியா உருக்கினாற் செய்யப்பட்டிருந்தது.

5. போரின் சாம்பல் நிறம்

மெருகின் வரலாற்றில் இன்னொரு திருப்பம் பொசுபேற்று முறையினால் ஏற்பட்டது. பேர்மிங்காமைச் சேர்ந்த தோமஸ் வாட்ஸ் கொஸ்லெற் 1906 இல் இதற்கு உரிமம் பெற்றார். 1915 இல் டிட்றோயிட் நகரில் உருவான பாக்கர் நிறுவனம் அதனை வளர்த்தமையால் 'பாக்கரைசிங்' என்ற பெயர் நிலைத்தது. பொசுபோரிக் அமிலத்தில் மங்கனீசு அல்லது நாக உப்புக் கலந்த சூடான கரைசலில் உருக்கை இட்டால், அதன்மேல் நுண்பளிங்குகள் படியும். அப்படிவு சாம்பல் நிறமானது, ஒளியைத் தெறிக்காதது, எண்ணெயை உறிஞ்சி வைத்திருப்பது. யாவற்றுக்கும் மேலாக அது பொறியின் கீறலை மறைத்துவிடும்.

இதன் பொருளாதார முக்கியத்துவம் வெளிப்படையானது. நீலம் மெருகாளனைக் கோரியது. பொசுபேற்று அவனை வேண்டாதவனாக்கியது. இரண்டாம் உலகப் போரின்போது 1911 வகைத் துப்பாக்கிகளைத் துப்பாக்கித் தொழிலுக்கே புதியவையான நிறுவனங்களும் செய்தன. தட்டச்சுப்பொறி உற்பத்திக்குப் பெயர்போன றெமிங்டன் றாண்ட் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைச் செய்தது. நமது வீடுகளிற் தையல் இயந்திரத்தின் மறுபெயராகவே விளங்கிய சிங்கர் நிறுவனமும் 500 துப்பாக்கிகளைச் செய்தது. எழுதும் பொறியும் தைக்கும் பொறியும் செய்த அதே வகைக் கடைசற்பொறிகளே கொல்லும் பொறியையும் செய்தன. ஏங்கெல்ஸ் கூறிய 'செய்யப்படவேண்டும்' என்பதன் முழுப்பொருள் இங்கு வெளிப்படுகின்றது: படைக்கலத்தின் பின்னே நிற்பது ஒரு சமுதாயத்தின் முழு உற்பத்தி ஆற்றலாகும்.

அதன்பின் வந்தவை மெருகாளனை மேலும் பின்தள்ளின. 1980களின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவிலிருந்து வந்த குளொக் துப்பாக்கியின் சட்டகம் அச்சில் வார்த்த செயற்கைப் பிசின்; அதன் உருக்குப் பகுதி நைதரசன் ஊட்டிக் கடினமாக்கப்பட்டது. இன்று பீங்கான் கலந்த பூச்சுகள் தெளிக்கப்பட்டு அடுப்பிற் சுடப்படுகின்றன. பூச்சுக்குக் கனம் உண்டு; நீலத்துக்கு இல்லை. கனமுள்ள பூச்சு அடித்தளத்தின் பிழையைப் பொறுத்துக்கொள்கின்றது.

6. மூலமும் விலையும்

கூர்விளிம்பை மழுக்கி மீள நிறமேற்றியவர் இறுதியாகச் சந்தையைச் சந்திக்கின்றார். அங்கு அவருக்குக் காத்திருப்பது விசித்திரமான தீர்ப்பு. கைக்கு இதமானதாகவும் துருப்பிடியாததாகவும் ஆக்கப்பட்ட துப்பாக்கி, பழம்பொருட் சேகரிப்பாளரின் கணிப்பில் மதிப்பிழந்துவிடுகின்றது. மூல மேற்பரப்பு தேய்ந்து, வெளுத்து, புள்ளி விழுந்து இருந்தாலும், திறமையாக மீள முடிக்கப்பட்டதைவிட விலையிற் பன்மடங்கு உயர்ந்து நிற்கும். சிங்கர் செய்த 500 துப்பாக்கிகளில் எஞ்சியவற்றுள் ஒன்று ஒரு இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட விலைக்கு ஏலம்போயுள்ளது. அதன் விளிம்பொன்றை அரத்தினால் தொடுபவர் ஒரு நொடியில் அவ்விலையின் பெரும்பகுதியை அழித்துவிடுவார்.

பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலான முரண்பாடு இதனினும் கூர்மையாக வெளிப்படுவது அரிது. பயன் கூடும்போது விலை குறைகின்றது. உழைப்புச் சேரும்போது விலை வீழ்கின்றது. உழைப்பே மதிப்பின் மூலம் என்ற கோட்பாட்டுக்கு இது மறுப்பாகாதா எனச் சிலர் வினவக்கூடும். மறுப்பன்று. மார்க்சின் மதிப்புக் கோட்பாடு, மீண்டும் மீண்டும் உற்பத்தி செய்யத்தக்க பண்டங்களைப் பற்றியது. மீள உற்பத்தி செய்ய முடியாத அரும்பொருளின் விலை, அதனை அடைய விரும்புவோரின் ஆவலையும் செல்வத்தையும் பொறுத்தது என்பதை மார்க்சும் அறிந்திருந்தார். 1930களில் வால்டர் பெஞ்சமின் ஆராய்ந்த 'மூலத்தின் ஒளிவட்டம்' இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே. விந்தை யாதெனில், பெஞ்சமின் இயந்திர மறுவுற்பத்தி ஒளிவட்டத்தை வாடச் செய்கின்றது என்றார். இங்கோ இயந்திரத்தால் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்ட பொருளே ஒளிவட்டம் பெற்று நிற்கின்றது. ஆலையின் அவசரம் விட்டுச்சென்ற கருவிக் கீறலும் சீரற்ற சாம்பற் படிவும் வழிபாட்டுக்குரியனவாகின்றன. அவற்றை உண்டாக்கிய தொழிலாளியின் பெயரை மட்டும் எவரும் தேடுவதில்லை.

7. முடிவுரை

கொலைக்கருவியின் மெருகை இவ்வளவு விரிவாக ஆராய்வது தகுமா என்ற வினா, 1983 முதல் 2009 வரை நீண்ட போரின் வடுக்களைச் சுமக்கும் இம்மண்ணில் வாழும் வாசகரிடம் எழாதிருக்க முடியாது. அவ்வினா நியாயமானது. போரை அழகியலாக்குதல் பாசிசத்தின் பண்பு எனப் பெஞ்சமின் எச்சரித்ததும் நாம் மறக்கத்தக்கதன்று. ஆயின் படைக்கலத்தின் கவர்ச்சி, அதனைப் பார்க்க மறுப்பதனால் குறைந்துவிடுவதில்லை. தெரியாத பொருளே மாயமாக ஒளிர்கின்றது. அந்நீல ஒளி இரும்புத் துருவின் மெல்லிய படலம் என்றும், அதன் அடியிலுள்ளது சம்பளத்துக்கு நின்று தேய்த்த ஒருவரின் நாள் என்றும், தேய்த்த தூசு எங்கு சென்றது என்றும் அறிந்தவருக்கு அம்மாயம் கலைந்துவிடும். துப்பாக்கியைத் தொன்மமாக்கும் எழுத்துக்கு எதிராக விமரிசனம் செய்யக்கூடிய முதற்பணி இதுவே.

கூர்விளிம்பை மழுக்குதல் ஏந்துபவரின் கைக்கே இதம் தருகின்றது. எதிரே நிற்பவருக்கு அதனால் எவ்வித வேறுபாடும் இல்லை. மெருகின் பயனை ஆராயும் எவரும் இதமும் வழவழப்பும் யாருடைய கைக்கு என்று முதலிற் கேட்டல் வேண்டும். பொருளின் மெருகுக்கு மட்டுமன்றி, சொல்லின் மெருகுக்கும் அரசியலின் மெருகுக்கும் இக்கேள்வி பொருந்தும். மேற்பரப்பை வாசிக்கக் கற்றல் என்பது, அதிலிருந்து தேய்த்து அகற்றப்பட்டது எது, அகற்றியவர் யார், அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பவற்றை மீட்டெடுக்கக் கற்றலேயாகும்.